கத்தி இறங்காத கல்

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்றால் எங்கள் குடியிருப்பில் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலக்ட்ரீஷியன் குடும்பத்துக்கு அத்துப்படி. இருந்தாலும் எழுதுகிறேன். அக்கா இதைப் படிப்பார். படித்துவிட்டு, "கொஞ்சம் தடிமனா இருக்கு, இன்னும் தேய்ச்சிருக்கலாம்" என்பார். அதற்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்று நான் கூப்பிடுவது என் கணவரின் மூத்த சகோதரியை. ஆபீஸில் அவருக்குப் பெயர் மெலிசு. ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அக்கா உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. செய்த வேலையால் வந்த பெயர். மாங்கனீசுச் சுரங்கக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாகத் தேய்த்து ஸ்லைடு செய்து கொடுப்பதுதான் அவர் வேலை.

அந்த அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போகிறவள் நான்தானே. ஒரு மூலையில் தண்ணீர் பீச்சிக்கொண்டே சுற்றும் அறுப்பு இயந்திரம். ஜன்னல் ஓரம் தடித்த கண்ணாடிப் பலகை, அதன்மேல் சேறு மாதிரி குழைத்த தேய்ப்புப் பொடி. முதலில் கல்லைப் பிஸ்கட் அளவுக்கு அறுப்பார். ஒரு பக்கத்தை வழவழவென்று தேய்த்து, பசை போட்டுச் சின்னக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவார். காய்ந்ததும் மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பிப்பார். தலைமுடியை விட மெலிதாகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் கல்லே இருக்காது, வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால், மெலிந்த கல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிறம் காட்டும். அந்த நிறத்தை வைத்துத்தான் இது இன்ன கல் என்று சொல்வார்கள். ஆனால் கல் கொஞ்சம் தடிமனாக இருந்துவிட்டால் நிறம் ஏமாற்றிவிடும்; சாதாரணக் கல் பெரிய இடத்துக் கல் மாதிரி பளபளக்கும். அதனால் அக்கா எந்தக் கல்லை ஒட்டினாலும் அதன் ஓரத்தில் ஒரு துணுக்குக் குவார்ட்ஸையும் சேர்த்து ஒட்டிவிடுவார். சரியான அளவுக்கு வந்ததும் குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். மஞ்சள் தட்டினால் இன்னும் தடிமன், தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் துணுக்குக்கு அக்கா வைத்த பெயர் சாட்சி. சாட்சி இல்லாமல் அவர் எதையும் தேய்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் நறுக்கிய வெங்காயத்தை எடுத்து விரலில் தடவி, "இது வெங்காயமா, செங்கல்லா?" என்பார். தைத்த துணியின் மடிப்பைத் தடவுவார். யாராவது வந்து கல்யாணப் பத்திரிகை நீட்டினால், உள்ளே யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன் அட்டையின் கனத்தைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் கணவரை ஆளாக்கியது அக்காதான். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா போய், கொஞ்ச நாளில் அம்மாவும் போனபோது, தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். கம்பெனி கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்டு அக்கா அந்த அறைக்குள் நுழைந்தார். தம்பி படிக்க வேண்டும், தம்பிக்குச் சட்டை வேண்டும், தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும். தனக்கென்று வந்த வரன்களை எல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார். தம்பி கேட்டு அக்கா இல்லை என்று சொன்ன பொருளே கிடையாது. மருமகளாக வந்த எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

என் கணவர், இவர், சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவராகச் சேர்ந்து, படிப்படியாக ஷிப்டு பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார். அப்போதுதான் அந்த ரோஸ் கல் வந்தது.

எங்கள் சுரங்கத்தில் எல்லாமே கறுப்பு. தாது கறுப்பு, தூசி கறுப்பு, துவைத்த தண்ணீர் கறுப்பு. புதிதாக வெட்டிய குழியில் ஒருநாள் வெடி வைத்துப் புகை அடங்கிப் பார்த்தால், கறுப்புச் சுவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ரோஸ் நிறம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்று பார்த்தார்களாம். மாங்கனீசில் ரோஸ் நிறக் கல் இரண்டு வகை வரும். ஒன்று கார்பனேட். அது உலைக்கு நல்லது, சூட்டில் காற்றை விட்டுவிட்டு உலோகத்தைக் கொடுத்துவிடும். மற்றது சிலிகேட். அதற்குள் மாங்கனீசு மணலின் சத்தோடு பின்னிக் கிடக்கும். உலையில் போட்டால் கரண்டைத் தின்றுவிட்டுக் கசடாகக் கக்கும்.

இவர் ஒரு துளி ஆசிட் விட்டார். கல் பொங்கியது. கார்பனேட் என்றால் பொங்கும், இது சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சோதனைக்கூடத்தில் மாங்கனீசு எவ்வளவு என்று பார்த்தார்கள், அதுவும் நன்றாகவே வந்தது. மணல்சத்து எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. காலங்காலமாகக் கறுப்புத் தாதுவையே பார்த்துப் பழகிய இடத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இருந்ததில்லை.

அன்றைக்குக் குடியிருப்பே வாய் நிறையப் பல்லாக இருந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தார் இவர். குழியைப் பெரிதாக்கப் போகிறார்கள், அதற்கு இவர்தான் ஃபோர்மேன் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். ஆர்டர் வருவது ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு வீட்டிலும் டிவி மேல் ஒரு ரோஸ் கல் ஏறியது. எங்கள் வீட்டுக் கல்தான் பெரியது. நான் பின்னிய நூல் விரிப்பின்மேல் அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஜியாலஜிஸ்ட் தன் அறிக்கையோடு சேர்த்து வைக்க ஒரு ஸ்லைடு கேட்டார். வழக்கமான சம்பிரதாயம்தான். கல் அக்காவின் மேஜைக்குப் போனது.

மறுநாள் அக்கா வேலை முடிந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல் சமையலறைக்குள் வந்து என் கத்தியை எடுத்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கையிலிருந்தேதான். டிவி மேலிருந்த கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கத்தி முனையால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

"ஏன்க்கா, அது காய் நறுக்குற கத்தி!"

"இங்க வந்து பாரு."

பார்த்தேன். ரோஸ் நிறத்தின் மேல் பென்சிலால் போட்டது போல ஒரு சாம்பல் கோடு.

"கீறல் விழுந்திருக்கு" என்றேன்.

"தடவிப் பாரு. பள்ளம் இருக்கா?"

விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.

"கார்பனேட்டா இருந்தா கத்தி உள்ள இறங்கணும். இது இறங்கல. இது கல்லோட கீறல் இல்ல, உன் கத்திதான் தேஞ்சு ஒட்டியிருக்கு. நேத்து அறுக்கும்போதே மிஷின் திணறுச்சு. தேய்க்கத் தேய்க்கக் குறையவே இல்ல."

"ஆசிட்ல பொங்குச்சே?"

"நடுவுல வெள்ளையா நூல் நூலா ஓடுது பாரு, பொங்கினது அது மட்டும்தான். மீதி பூரா வேற."

சிலிகேட் என்றால் குழி மூடப்படும், ஆர்டர் வராது என்பது புரியாத அளவுக்கு நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஸ்லைடு தேஞ்சு போறது உங்க வேலையில சகஜம்தானே?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் கூடத் தேய்ச்சுட்டீங்கன்னு வெச்சுக்குவோம். திரும்பக் கல்லு வரணும், திரும்ப அறுக்கணும். அதுக்குள்ள இவருக்கு ஆர்டர் வந்துடும்" என்றேன்.

இன்றைக்கும் நான் கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. குடும்பம் நடத்துகிறவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"ஒரு தகட்ட நான் தேய்ச்சே இல்லாமப் பண்ணிடலாம். மலைய என்ன பண்ணுவ? குழிய முழுசா வெட்டி, லாரி லாரியா உலைக்கு அனுப்பின பிறகு தெரியவந்தா, அது யார் தலையில விடியும்? ஃபோர்மேன் தலையிலதான?"

"அது அப்புறம் வர்றது."

"அப்புறம் வர்றதும் அவனுக்குத்தான வரும்." கல்லை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அவன் கேட்டு எதையும் நான் இல்லன்னு சொன்னதில்ல. இல்லாதத எப்படி இருக்குன்னு சொல்லுவேன்?"

சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அக்கா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம்.

ஸ்லைடை ஜியாலஜிஸ்டிடம் கொடுப்பதற்கு முன் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். மறுநாள் மதியம் இவரை அந்த அறைக்கு வரச் சொன்னார். தூக்கோடு நானும் போயிருந்தேன்.

இவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"என்னக்கா, ரோஸ் கலரையே காணோம்?"

"இவ்வளவு மெலிசாத் தேய்ச்சா ரோஸ் நிக்காதுடா. இரு." அக்கா ஒளியை வடிகட்டும் தகட்டைத் திருப்பினார்.

இவர் மூச்சை உள்ளிழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு நானும் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்: மஞ்சளும் செம்மையும் நீலமுமாகக் கட்டம் கட்டமாக, துணிக்கடையில் அடுக்கை விரித்துப் போட்டது போல் இருந்தது. ஓரத்தில் சாட்சி மட்டும் சாம்பல் வெள்ளையாக, கல்யாண வீட்டில் கணக்குப் பிள்ளை மாதிரி நின்றது.

"அழகா இருக்கேக்கா" என்றார் இவர்.

"கார்பனேட் இல்லடா தம்பி. முத்து மாதிரி மினுங்குற நூல் இருக்கு பாரு, அது மட்டும்தான் கார்பனேட். மத்ததெல்லாம் சிலிகேட்."

இவர் தலையை எடுக்கவில்லை. பார்க்கிறாரா, முகத்தை மறைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இத நீ அவர்கிட்டக் குடுக்கப் போறியா?"

"குடுக்கணும்டா."

"இத்தன நாள் எல்லாத்தையும் எனக்குத்தான் குடுத்த. இத மட்டும் வேற ஒருத்தருக்குக் குடுக்கற."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அக்கா ஸ்லைடைத் துடைத்து, சின்னப் பெட்டியில் வைத்து, மாடியிலிருந்த ஜியாலஜிஸ்டின் அறைக்கு ஏறிப்போனார். அக்காவுக்கு மூட்டு வலி உண்டு. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியதைக் கீழிருந்து பார்த்தேன்.

சில நாள் கழித்து ஜியாலஜிஸ்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "நானும் அது கார்பனேட்டா இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்று இவரிடம் சொன்னார். முதலில் பார்த்தபோது அதை ரோடோனைட் என்று நினைத்தாராம். ரோஸ் நிறச் சிலிகேட்டில் வழக்கமாகக் கிடைப்பது அதுதான். ஆனால் ரோடோனைட் இவ்வளவு நிறம் காட்டாது. ஸ்லைடுதான் தடிமனோ என்று சந்தேகப்பட்டுச் சாட்சியைப் பார்த்திருக்கிறார். அது சாம்பல் வெள்ளையாக இருந்தது. அப்படியென்றால் தடிமனில் குற்றமில்லை, கல்தான் வேறு. வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அது பைராக்ஸ்மாங்கைட் என்று உறுதியாகிவிட்டதாம்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டது நான்தான். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டிவி மேலிருந்த என் நூல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஓரத்துல அஞ்சு கண்ணிக்கு ஒரு வளைவு போட்டிருக்கீங்க. அதே நூல்ல, அதே ஊசில, ஏழு கண்ணிக்கு ஒரு வளைவு போட்டா அது வேற டிசைன் இல்லையா? இதுவும் அப்படித்தாம்மா. ரெண்டுலயும் இருக்கிற பொருள் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உள்ள சங்கிலி சங்கிலியா அடுக்கியிருக்கும். ரோடோனைட்ல அஞ்சு கண்ணிக்கு ஒரு தடவ திரும்ப வரும், இதுல ஏழுக்கு ஒரு தடவ. வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இது ரொம்ப அபூர்வம். இவ்வளவு பெரிசா ஒரே இடத்துல கிடைக்கிறது லேசில்ல."

"அபூர்வம்னா உலை எடுத்துக்குமா சார்?" என்றார் இவர்.

"எடுத்துக்காது" என்றார் அவர். காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

குழி மூடப்பட்டது. பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி ரோஸ் சுவர் அடியில் போய்விட்டது. இவருக்கு ஆர்டர் வந்தது, ஆனால் வேறு ஆர்டர்: தூரத்திலிருந்த வேறொரு குழிக்கு, பழைய வேலைக்கே. வாரக் கடைசியில் கம்பெனி பஸ்ஸில் வந்து போவார். எங்கள் சோற்றில் மண்ணைப் போட்ட கல்லுக்கு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. பார்க்க எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் வந்தார்கள். ஒருமுறை நானும் போய்ப் பார்த்துவிட்டு, முறைத்துவிட்டு வந்தேன்.

இவர் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "அவங்க மாத்திரை போட்டாங்களான்னு கேளு" என்பார், அக்கா அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே. "சட்டையில பட்டன் போயிருக்குன்னு சொல்லு" என்பார் அக்கா. நடுவில் நான் தபால்காரி. சாப்பிடக்கூட ஒன்றாக உட்கார மாட்டார்கள். இவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அக்காவைத் தனியாகக் கூப்பிட வேண்டும். சோறு ஆறிப்போகும், நான் கத்துவேன், எலக்ட்ரீஷியன் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்பார்கள்.

அந்த ரோஸ் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் படப்படக் கறுத்துக்கொண்டே வரும். உள்ளே இருக்கும் மாங்கனீசு வெளியே வந்ததும் பழைய கறுப்புக்கே போய்விடுமாம். குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு டிவி மேலும் இருந்த கல் மங்கி, பழுப்பாகி, கடைசியில் அடுப்புக்கரி மாதிரி ஆனது. ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டார்கள். எங்கள் கல்லை நான் தூக்கிப் போடப் போனபோது, "இருக்கட்டும்" என்றார் அக்கா. ஏன் என்று கேட்கவில்லை. கறுத்த கல் கறுத்தபடியே விரிப்பின்மேல் இருந்தது.

அந்த நாட்களில் நான் அக்காவைக் கவனித்துப் பார்த்தேன். ஒருமுறைகூட, நான் செய்தது சரிதானே என்று யாரிடமும் கேட்கவில்லை. ஊரே மெச்சிய கல் தன் மேஜையிலிருந்து போனது என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. வாரக் கடைசியில் பஸ் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் போய் உட்காருவார். தம்பி உள்ளே வந்ததும் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. சரியாக நடந்துகொண்ட ஒருவர் எதற்காக ஒளிந்துகொள்ள வேண்டும்? இவரிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாது" என்றார். கோபம் எப்போதோ போய்விட்டது, எப்படித் திரும்பப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. இந்த வீட்டில் அக்காவும் தம்பியும் வறட்டுக் கௌரவத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

அக்கா ரிட்டையர் ஆனார். பிரிவு விழாவில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, மெலிசுக்கு இவ்வளவு கனமான மாலையா என்று சிரித்து அனுப்பினார்கள். அதன்பின் வீட்டிலேயே இருந்தார். என் வெங்காயத்துக்கு முழுநேரக் கண்காணிப்பு வந்து சேர்ந்தது.

ஒரு வாரக் கடைசியில் இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். தோளில் பை, கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அக்கா வழக்கம்போல் எழுந்தார். இவர், அக்கா அறைக்குப் போகும் வழியை மறித்தமாதிரி நின்று, துண்டைப் பிரித்து, ஜன்னல் திண்டில் வைத்தார். ரோஸ் நிறக் கல். இப்போதுதான் உடைத்தது போல் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, எங்க குழியில புதுசா வந்திருக்கு. இது என்னன்னு பார்த்துச் சொல்லு."

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் நேராக வந்த முதல் பேச்சு.

அக்கா உட்கார்ந்தார். கல்லை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் மறுபேச்சில்லாமல் காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தேன். ஒரு பக்கமாகத் திருப்பி, அழுத்திக் கோடு இழுத்தார். சாம்பல் நிறத்தில் விழுந்தது.

"இறங்கலடா."

"இறங்கலையா?"

"இறங்கல."

"சரி, போகட்டும் விடு" என்று இவர் அக்கா காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஆசிட் விட்டுப் பார்த்தியா?"

"உன்கிட்ட கேக்காம நான் ஏன் பார்க்கப் போறேன்?"

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே தம்பியின் சட்டைக் காலரைத் தடவி, "இது என்னடா துணி, சாக்கு மாதிரி" என்றார்.

டிவி மேல் வைக்கலாம் என்று நான் கல்லை எடுத்தேன். அடிப்பக்கம் திரும்பியது. அங்கே ஏற்கெனவே நாலைந்து சாம்பல் கோடுகள் இருந்தன. இவர் பாக்கெட்டில் வைத்திருக்கும் சின்னக் கத்தியின் கோடுகள். ஆள் அங்கேயே கீறிப் பார்த்து, இது கார்பனேட் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறார். ஒன்றுக்கும் உதவாத கல்லை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். சுற்றிச் சுற்றிப் பார்த்த அக்காவின் கண்ணுக்கும் அது தப்பியிருக்காது. கோடு இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் அவர் கீறினார்.

நான் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து, கறுத்த கல்லுக்குப் பக்கத்தில் புதுக் கல்லை வைத்தேன். பிறகு தட்டுகளை எடுத்துப் போட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். அன்றைக்கு ஒரே தடவைதான் கூப்பிட்டேன்.